சுடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

1991 அக்டோபர் 16. மதிய உணவு நேரம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், கில்லீன் நகரின் லூபிஸ் உணவகத்துக்குள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு டிரக் பாய்ந்தது. அதிலிருந்து இறங்கியவன் சுடத் தொடங்கினான். பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா கிரேஷியா கைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார். ரிவால்வர் அதில் இல்லை. வெளியே நின்ற காரில் இருந்தது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது அங்கே அப்போது குற்றம் என்பதால் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அன்று பலியான 23 பேரில் அவருடைய அப்பா, அம்மா இருவரும் அடக்கம்.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டதால் பெற்றோரைக் காப்பாற்ற முடியாமல் போனது என்ற அவருடைய வாதம் மாநில அரசியலையே உலுக்கியது. 1993-ல் இதுபற்றி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வகைசெய்த மசோதாவை ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் நிராகரித்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஜார்ஜ் புஷ் (பின்னாளில் அதிபரானவர்) 1995-ல் உரிமச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1996 ஜனவரி 1 முதல் அது அமலானது. அதே ஆண்டு சுசானா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உரிமம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கடும் குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. விரல் ரேகை தர வேண்டும். 140 டாலர் கட்டணம். 10 முதல் 15 மணி நேர வகுப்பு. அதன்பின் எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு. 3, 7, 15 கஜ தூரங்களிலிருந்து 50 குண்டுகள் சுட வேண்டும். 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி.

வகுப்பின் பாடத்திட்டம்தான் ஆச்சரியமானது. சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதைப் பற்றியே அதில் அதிகம். எந்த நிலையில் சட்டம் உயிர்க்கொலையை மன்னிக்கும், தகராறை வன்முறையின்றித் தீர்ப்பது எப்படி, குழந்தைகள் கையில் சிக்காமல் துப்பாக்கியை எங்கே வைப்பது என்பவையெல்லாம் சட்டமே விதித்த பாடங்கள். துப்பாக்கி கூடாது என்று எங்கெல்லாம் அறிவிப்புப் பலகை இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணமாக, வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மது விற்பனையால் ஈட்டும் இடங்களில் பெரிய எழுத்தில் '51%' என்ற பலகை தொங்கும்.

காலப்போக்கில் கெடுபிடி தளர்ந்தது. வகுப்பு 4 முதல் 6 மணி நேரமாகச் சுருங்கியது. 2016-ல் இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கவிடவும் உரிமதாரர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2017-ல் கட்டணம் 40 டாலராகக் குறைந்தது. கடைசியாக, 2021 செப்டம்பர் 1 முதல் உரிமமே கட்டாயமில்லை என்றாகிவிட்டது. 21 வயதாகி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை ஏதும் இல்லாதவர் வகுப்பு, தேர்வு எதுவுமின்றி எடுத்துச் செல்லலாம். காவல்துறை உயர் அதிகாரிகள் பலர் எதிர்த்தும் பலனில்லை. அரசியல் சாசனம் தந்த உரிமைக்கு அரசிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டவர்களே வென்றனர்.

ஆனாலும் விண்ணப்பங்கள் நின்றுவிடவில்லை. காரணம் நடைமுறை சார்ந்தது. டெக்சாஸ் உரிமத்தை வேறு பல மாநிலங்களும் ஏற்கின்றன. கடையில் துப்பாக்கி வாங்கும்போது ஒவ்வொரு முறையும் நடக்கும் பின்னணி விசாரணையிலிருந்தும் உரிமதாரருக்கு விலக்கு உண்டு.

கில்லீன் சம்பவத்துக்குப் பிறகு கேட்கப்பட்டது, சட்டத்தை மதிக்கும் ஒருவர் கையில் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது. அவர் தகுதியானவர்தானா என்று பார்க்க வந்ததே உரிமம். துப்பாக்கி வாங்கும் இடத்தில் இன்றும் விசாரணை இருக்கலாம். ஆனால் கோபம் தலைக்கேறும்போது கையை எடுத்துவிடு என்று சொல்லித்தந்த அந்தச் சில மணி நேர வகுப்பு, இன்று விரும்பியவர்களுக்கு மட்டுமே.