சீனிப் படையின் மேல் ஒரு பலகை

மாரி வெள்ளம் கொக்கிளாய் முகத்துவாரத்து மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குப் பாயும்போது, அறுபட்ட ஈரக்கரை சுவர்போல நிற்கும். அதன் விளிம்பில் ஆள் ஏறினால் கால் வைத்த இடம் மட்டும் சரியாது. முதுகுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு ஓடி, கரை பாளமாக ஆளோடு விழும். காய்ந்த மணல் அப்படியல்ல. குவித்தால் ஏறக்குறைய 34 பாகை வரை நிற்கும். அதற்கு மேல் பொலபொலவென்று வழிந்துவிடும். பனிமலையிலும் இந்த இரண்டு விதமும் உண்டு. ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாளம்தான்.

கடற்கரை ஊருக்குப் பனிச்சரிவின் கதை எதற்கு? வன்னியிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் இன்று சுவிஸில் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள். பராமரிக்கப்படும் தடங்களில் ஆபத்துக் குறைவு. தடத்தை விட்டு, யாரும் மிதிக்காத மலைக்குள் இறங்குவது வேறு விஷயம்.

பனி படை படையாகப் படிகிறது. நிலத்தை ஒட்டிய அடிப்பனி உறைநிலைக்கு அருகிலேயே இருக்கும்; மேற்பரப்போ தெளிந்த இரவில் கடுமையாகக் குளிரும். இந்த வேறுபாட்டால் நீராவி மேல்நோக்கி நகர, துகள்கள் ஒன்றையொன்று பற்றாத மணிகளாக வளர்கின்றன. அள்ளினால் சீனிபோல உதிரும். அதன் மேல், காற்று அள்ளிவந்து இறுக்கிய புதுப்பனி பலகையாகப் படிகிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு அடியில் சீனி இருப்பது தெரியாது. சறுக்குபவரின் பாரம் பட்டதும் அந்தப் படை நொறுங்கும். நொறுங்கல் பலகையின் அடியில் நாலாபக்கமும் ஓடும். சரிவு 30 பாகையைத் தாண்டியிருந்தால் பலகை கழன்று இறங்கும். மலையடிவாரத்துச் சமதரையில் நடப்பவர்கூட மேலேயுள்ள சரிவைக் கழற்றிவிட முடியும். இப்படிச் சிக்குபவர்களில் பத்தில் ஒன்பது பேரைப் புதைப்பது, அவர்களோ கூட வந்தவர்களோ கழற்றிவிட்ட பனிதான்.

புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி நேரம் கடந்தால் மூன்றில் ஒருவர் தப்புவதே அரிது, மூச்சு முட்டிவிடும். ஹெலிகொப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. கூட வந்தவரிடம் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் கோல், சவள் மூன்றும் இருக்க வேண்டும்.

அரிதாக விதிவிலக்கும் உண்டு. 2016 பெப்ரவரி 3 அன்று சியாச்சின் பனிமலையில் பனிச்சுவர் இடிந்து, இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த 10 வீரர்கள் புதைந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரர் மட்டும் ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டு, பெப்ரவரி 11 அன்று டில்லி மருத்துவமனையில் இறந்தார். அத்தனை நாள் அவர் உயிரோடு இருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சுவிஸின் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்து ஐந்து படிகளாகக் குறிக்கப்படும். ஐந்தாம் படியில் மலைக்கு யாரும் போவதில்லை. அதிகம் பேர் இறப்பது மூன்றாம் படியில், பெரும்பாலும் வானம் வெளித்த நாட்களில். சுவிஸிலிருந்து பேரப்பிள்ளை தொலைபேசியில் மலைக்குப் போகிறேன் என்றால், இன்றைக்கு எத்தனையாம் படி என்று ஒருதரம் கேளுங்கள்.