நோவை ஆளப் பழகுவோம்!

கை முறிந்து கட்டுப் போட்டிருப்பவரைக் கண்டால் வழியிற் போவோரும் நின்று இரண்டு வார்த்தை அனுதாபம் கூறுவர். காய்ச்சலிற் படுத்திருப்பவளுக்கு அயல்வீட்டார் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்புவர். ஆனால், ஆண்டுக் கணக்காக நாரி நோவினால் வருந்தும் ஒருத்திக்குக் கிடைப்பது யாது? முதல் மாதத்தில் இரக்கம். ஆறாம் மாதத்தில் ஆளுக்கோர் ஆலோசனை. இரண்டாம் ஆண்டில், "இவளுக்கு எந்த நாளும் இதே கதைதான்" என்ற முணுமுணுப்பு. எக்ஸ்றேப் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று வைத்தியர் கூறிவிட்டாலோ, வீட்டாரின் சந்தேகம் உறுதிப்பட்டு விடுகின்றது. நோவு ஒரு துன்பம்; அதனைப் பிறர் நம்பாமை அதனினும் பெருந்துன்பம்.

வாசகர்களுள் பலர் இத்துன்பத்தை நேரில் அறிந்தவர்களாயிருப்பர். அல்லது தாயிடத்தோ கணவரிடத்தோ கண்டிருப்பர். இத்தகையோர் தம் நோவைத் தாமே ஆண்டு நடத்துவதற்குக் கணனியும் கைத்தொலைபேசியும் வழியாக வரும் பாடங்கள் எவ்வளவு தூரம் துணைபுரியும் என்பதை, அவுஸ்திரேலியாவிற் கண்ட அனுபவத்தைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

குரைத்துப் பழகிய நாய்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் நோவையே நாட்பட்ட நோவு என வைத்திய நூலோர் கூறுவர். 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகுப்புப் பட்டியல், பதினோராம் பதிப்பு, இதற்கெனத் தனியிடம் ஒதுக்கியுள்ளது. சிலரிடத்தில் இந்நோவு வேறொரு நோயின் அடையாளமாக இல்லாது தானே ஒரு நோயாக நிற்கின்றது என்பதை அப்பட்டியல் ஏற்றுக்கொள்கின்றது. "ஒன்றும் இல்லை" என்று கேட்டுக் கேட்டு மனம் சலித்தவர்களுக்கு இது சிறிய ஆறுதலன்று.

படத்திற் காயம் இல்லை. ஆயினும் நோவு உண்டு. இஃது எங்ஙனம்? வீட்டுக் காவல் நாயை எண்ணிப் பாருங்கள். கள்வன் புகுந்தாற் குரைப்பது அதன் கடமை. ஒருமுறை கள்வன் வந்து போனபின், அந்நாய் சருகு அசைந்தாலும் குரைக்கப் பழகிவிட்டால் வீட்டார் உறக்கம் கெடும். நாய் குரைப்பது பொய்யன்று; கள்வன் போய்விட்டான் என்பதும் பொய்யன்று. நாட்பட்ட நோவிலும் நரம்புகளும் முள்ளந்தண்டு வடமும் மூளையும் அவ்வாறே கூர்மையடைந்து, சிறிய தூண்டுதலையும் பேரபாயமென அறிவிக்கின்றன. மூட்டுவாதம் போன்றவற்றிற் காரணம் தொடர்ந்து இருக்கவும் கூடும். எனினும் அங்கும் சேதத்தின் அளவும் நோவின் அளவும் எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை.

1995ஆம் ஆண்டிற் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஒரு குறிப்பை இங்கு நினைவுகூரலாம். கட்டிடத் தொழிலாளர் ஒருவர் 15 சென்ரிமீற்றர் நீளமான ஆணியின் மேற் குதித்துவிட்டார். ஆணி சப்பாத்தைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது. சிறிது அசைத்தாலும் தாங்க முடியாத நோவு; மயக்க மருந்து கொடுத்தே அதனை எடுக்கவேண்டியிருந்தது. சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தபோது ஆணி விரல்களுக்கு இடையே சென்றிருந்தது. காலில் ஒரு கீறலும் இல்லை! அவர் நடிக்கவில்லை. அபாயம் என்று மூளை முடிவு செய்தது, நோவு பிறந்தது. அவ்வளவே.

கனடாவிற் பிறந்த ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்திற் பிறந்த பற்றிக் வோல் ஆகிய இருவரும் 1965ஆம் ஆண்டிலேயே இதற்கு அடிகோலினர். உடலிலிருந்து வரும் நோவுச் செய்தி முள்ளந்தண்டு வடத்தில் ஒரு படலையைக் கடந்தே மேலே செல்கின்றது என்றும், மூளையிலிருந்து கீழிறங்கும் செய்திகளும் அப்படலையைத் திறக்கவோ சாத்தவோ வல்லன என்றும் அவர்கள் விளக்கினர். அச்சம், கவலை, உறக்கமின்மை ஆகியன ஏன் நோவைப் பெருக்குகின்றன என்பதை விளங்கிக்கொள்ள அக்கொள்கை வழிவகுத்தது. அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டனவாயினும் அடிப்படை நிலைத்து நிற்கின்றது.

மாத்திரையின் எல்லை

உடைந்த எலும்புக்கும் சத்திர சிகிச்சைக்கும் பின்னர் மாத்திரை பேருதவி செய்யும். ஆண்டுக் கணக்கான நோவில் அதன் பயன் குறைகின்றது. பக்க விளைவோ கூடுகின்றது. இதனாலேயே அவுஸ்திரேலியா, 2018ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம், கொடீன் கலந்த மாத்திரைகளை வைத்தியரின் சீட்டின்றி விற்கக்கூடாதெனத் தடுத்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியில், நாட்பட்ட நாரி நோவு பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டலும், நோவு பற்றிய கல்வி, தேகப் பயிற்சி, மனோவியற் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அபின் இன மருந்துகளையும் இடுப்புப் பட்டிகளையும் வழக்கமாகக் கொடுக்கலாகாது என்றது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் நாரி நோவினால் வருந்தினர் என அந்த ஸ்தாபனம் கணித்துள்ளது.

மாத்திரைக்கு அப்பாலுள்ள சிகிச்சையைப் பெறுவது எங்ஙனம்? அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திற் கேற் லோரிக் என்னும் அம்மையார், 1970களின் பிற்பகுதியில் மூட்டுவாத நோயாளருக்கென ஆறு வார வகுப்புக்களை ஆரம்பித்தார். பயிற்றப்பட்ட சாதாரண மக்களே அவற்றை நடத்தினர். அவர்களுட் பலர் தாமும் அந்நோயுடையோர். ஆராய்ந்து பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. பெரும் பயன் பெற்றோர், மிகுதியாகப் பயிற்சி செய்தோர் என்பதைவிட, "என் நோவை என்னாற் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை வளரப் பெற்றோரே என்பதே அது. பிற்காலத்தில் அவ்வகுப்புக்கள் இணையத்திலும் நடத்தப்பட்டன.

தூரத்தை வென்ற வகுப்பு

அவுஸ்திரேலியாவில் இத்தேவை இன்னும் கூடுதலாக இருந்தது. சிட்னி நகரிற் சிறந்த நோவுச் சிகிச்சை நிலையங்கள் உண்டு. ஆனால், அதே மாநிலத்தைச் சேர்ந்த புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரமோ ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கின்றது. நாரியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அமர முடியாத ஒருவர் அத்தூரம் பயணஞ் செய்வது எவ்வாறு?

சிட்னியிலுள்ள மக்குவாரிப் பல்கலைக்கழகத்தின் பிளேக் டியர், நிக் டிற்றொவ் முதலிய ஆராய்ச்சியாளர், வகுப்பையே வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தனர். ஐந்து பாடங்கள், எட்டு வாரங்கள். ஒவ்வொரு பாடத்துடனும் செய்து பழகவேண்டிய வீட்டு வேலையும் உண்டு. நினைவூட்டும் கடிதங்கள் மின்னஞ்சலில் தாமாகவே வந்து சேரும்.

2015ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட பரீட்சையில் 490 பேர் பங்குபற்றினர். ஒரு சாராருடன் மனோவியலாளர் வாரந்தோறும் தொடர்பு கொண்டார். மற்றொரு சாரார் வேண்டியபோது மாத்திரம் கேட்கலாம். மூன்றாம் சாராருக்குத் தொடர்பே இல்லை. நான்காம் சாரார் பாடமின்றிக் காத்திருந்தனர். மனோவியலாளர் செலவிட்ட நேரம் முதல் மூன்று சாராரிலும் ஆளொன்றுக்கு முறையே ஏறத்தாழ 68, 13, 5 நிமிடங்களே. ஆயினும் பாடம் படித்த மூன்று சாராரும், காத்திருந்தோரைவிட, ஏறக்குறைய ஒரே அளவான முன்னேற்றம் அடைந்தனர். சராசரியாக மனச்சோர்வு நூற்றுக்கு 36 வீதமளவும், கவலை 32 வீதமளவும், இயலாமை 18 வீதமளவும், நோவு 12 வீதமளவும் குறைந்தன.

இவ்விலக்கங்களை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நோவு குறைந்தது சிறிதளவே. நோவினால் வந்த சோர்வும் அச்சமும் முடக்கமும் குறைந்ததோ அதனினும் பெரிதளவு. நோவு வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. வீட்டின் எசமானாக இருந்த நிலை மாறியது. இப்பாடங்கள் தருவதாகச் சொல்லத்தக்கது இதுவே. இதற்கு மேல் வாக்களிப்போரை நம்புதல் தகாது.

பாடத்தில் இருப்பது என்ன?

முதற் பாடம் நோவின் இயல்பை விளக்குகின்றது. நாம் மேலே கூறிய காவல் நாயின் கதை போன்றதே அது. அடுத்தது எண்ணங்களைப் பற்றியது. "என் முள்ளந்தண்டு தேய்ந்து போயிற்று, இனி நான் எதற்கும் உதவேன்" என்ற எண்ணம் எழும்போது, அதனைத் தாளில் எழுதி, "இது முழுவதும் உண்மையா?" என்று விசாரணை செய்யப் பழக்குகின்றனர். மூன்றாவது, அமைதியாக மூச்சு விட்டுத் தேகத்தின் பதற்றத்தைத் தணித்தலும், விட்டுப்போன இன்பமான காரியங்களைச் சிறுகச் சிறுக மீட்டுக்கொள்ளலுமாம்.

நான்காவது, அளவோடு இயங்கும் வழி. குடும்பப் பெண்களுக்கு இது மிகவும் பிரயோசனமானது என்பது எமது அபிப்பிராயம். நோவு குறைந்த நாளில் ஒரு கிழமைத் துணிகளையும் தோய்த்து, வளவு முழுவதையும் கூட்டிப் பெருக்கி, அடுத்த இரண்டு நாட்களும் பாயிற் கிடப்போர் எத்தனை பேர்! கிடக்கக் கிடக்கத் தசை மெலிகின்றது. அடுத்த முறை இன்னும் குறைந்த வேலைக்கே நோவு கூடுகின்றது.

இதற்கு மாற்று எளியது. ஐந்து நாட்கள், நோவு மிகும் வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். 14, 8, 12, 6, 10 என்று வைத்துக்கொண்டால் சராசரி 10 நிமிடமாகும். அதிலுஞ் சற்றுக் குறைத்து, நாளொன்றுக்கு 8 நிமிடம் நடக்கத் தொடங்குங்கள். நல்ல நாளிலும் 8. கெட்ட நாளிலும் 8. அடுத்த வாரம் 9. நிறுத்துவதைக் கடிகாரம் தீர்மானிக்கட்டும். நோவு தீர்மானிக்க வேண்டா. தும்புத்தடி பிடித்தலுக்கும், அம்மியில் அரைத்தலுக்கும், அமர்ந்து தைத்தலுக்கும் இதே கணக்குத்தான்.

ஐந்தாம் பாடம், நோவு மீண்டும் பொங்கும் நாளுக்கான ஆயத்தம். எந்த வேலையைக் குறைப்பது, எதனைக் கைவிடாதிருப்பது, யாரிடம் உதவி கேட்பது என்பவற்றை நல்ல நாளிலேயே எழுதி வைத்தல் வேண்டும். பொங்கிய நோவு தணியும் என்பதை அறிந்தவர் அதனைக் கண்டு நடுங்குவதில்லை.

வீட்டார் செய்யவேண்டியது

நம்பாமை ஒரு குற்றமென்றால், மட்டுமிஞ்சிய பராமரிப்பும் குற்றமே. "அம்மா, நீங்கள் அசையாமல் இருங்கள்" என்று அனைத்தையும் பறித்துக்கொள்ளும் அன்பு, அவரை மேலும் முடக்கிவிடக்கூடும். நோவுற்றவரைச் சூழ்ந்தோர் நடந்துகொள்ளும் விதமும் முடக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பதை அமெரிக்க மனோவியலாளர் வில்பேட் போர்டைஸ் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் விரிவாக எடுத்துரைத்தார். "நோ எப்படி?" என்று மணிக்கொரு தரம் வினவுவதிலும், "இன்று எத்தனை நிமிடம் நடந்தீர்கள்? நானும் கூட வரட்டுமா?" என்று கேட்பது நன்று.

இப்பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும், முதியோர் கணனிக்கு அஞ்சுவதும் உண்மையே. பேரப்பிள்ளை பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சொன்னாற் குறை தீரும். கணனியே இல்லாத வீட்டிலும் ஓர் அப்பியாசக் கொப்பியும் கடிகாரமும் போதும். நடைக் கணக்கைத் தொடங்கலாம்.

எச்சரிக்கை

முதலில் வைத்தியர், அதன் பின்னரே பாடம். மலசலக் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளின் உட்புறம் விறைத்துப் போதல், கால் பலவீனமடைதல், நோவுடன் காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்தபின் எழுந்த கடும் நோவு, முன்னர் புற்றுநோய் இருந்தவருக்கு வரும் புதிய நோவு ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நெஞ்சு நோவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வைத்தியர் தந்த மருந்தைத் தாமாகவே திடீரென நிறுத்துதலும் ஆகாது.

இணையச் சந்தையிற் போலி வைத்தியருக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஒரு பாடத்தை நம்புமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: அதனை ஆக்கியோர் யார்? நோயாளரிடத்திற் பரீட்சித்துப் பார்த்தனரா? பூரண சுகம் என்று ஆசை காட்டுகின்றனரா? இறுதியில் எண்ணெயோ பட்டியோ விற்கின்றனரா? பின்னிரண்டுக்கும் "ஆம்" என்பது விடையாயின், அப்பக்கத்தை மூடிவிடுதலே உத்தமம்.

குரைத்துப் பழகிய நாயை அடித்துத் துரத்த முடியாது. அது நமது வீட்டு நாய். அஞ்சாது அருகிருந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்கினால் அதன் குரல் தணியும். தணியாத நாளிலும் வீட்டு வேலை நின்றுபோகாது. நோவுற்ற சகோதரிகளே, சகோதரர்களே! உங்கள் நோவு மெய். அதனை ஆளும் ஆற்றல் உங்களுக்கு உண்டென்பதும் மெய். நாளைக் காலை எட்டு நிமிடம் நடந்து பாருங்கள்.