தண்ணீர்ப் பக்கத்தை யார் பார்ப்பது?

பெட்ரோல் பிரஷர் வாஷர் மக்கர் செய்தால் நம் ஆட்களின் கை முதலில் போவது பிளக்குக்கு. அடுத்து கார்புரேட்டர். இரண்டையும் கழற்றித் துடைத்து மாட்டி, கயிற்றை இழுத்து, இன்ஜின் கும்மென்று பிடித்துக்கொண்டதும் வேலை முடிந்த திருப்தி வந்துவிடும். கன்னை அழுத்தினால் தண்ணீர் மட்டும் பழையபடி வலுவில்லாமல் வழியும். "பம்ப் போயிடுச்சுண்ணே, மாத்திடலாம்" என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். பல நேரங்களில் போனது பம்ப் அல்ல. சட்டைப் பையில் போட்டால் தேட வேண்டிய அளவே உள்ள நாசில்.

இதைச் சொல்லக் காரணம், இப்போது இந்த மெஷின் பரவலாகிவிட்டது. குட்டி யானையில் சின்டெக்ஸ் தொட்டியை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து கார் கழுவுகிறவர்கள், கோழிப் பண்ணைக்காரர்கள், லாரிப் பட்டறைகள், மழைக்காலம் முடிந்ததும் மொட்டை மாடிப் பாசியைச் சுரண்டித் தரும் ஒப்பந்தக்காரர்கள் என்று கரண்ட் எட்டாத இடத்தில் தண்ணீர் அடிக்க வேண்டிய எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் இது ஒரு மெஷின் அல்ல, இரண்டு. ஒரு பாதி, ஜெனரேட்டரிலும் பவர் வீடரிலும் இருக்கும் அதே 160, 200 சிசி இன்ஜின். அதற்கு ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு. மறு பாதி பம்ப், ஹோஸ், கன், லான்ஸ், நாசில். இந்தத் தண்ணீர்ப் பக்கத்துக்கு ஆள் இல்லை. மெஷின் பாதி வயதில் சாவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான்.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றுதான் நினைக்கிறோம். அது செய்வதெல்லாம் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று தண்ணீரைத் தள்ளுவது மட்டுமே. நாசில் துளை வழியை மறிப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. 200 சிசி இன்ஜின் பூட்டிய சாதாரண மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 190 பார், அதாவது 2,700 பிஎஸ்ஐக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 9 முதல் 10 லிட்டர். இவ்வளவு தண்ணீரும் வெளியேறும் துளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் தண்ணீரின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. அந்த வேகத்தில் மணல் துகளோடு தண்ணீர் ஓடினால் எஃகும் தேயும். துளை 1 மில்லிமீட்டரிலிருந்து 1.1 ஆனாலே அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்கு நாசில் புதிதாகவே தெரியும்.

இந்த இடத்தில்தான் ஒரு தப்பு நடக்கிறது. அழுத்தம் குறைந்ததும் பம்ப் மேல் இருக்கும் அன்லோடர் வால்வின் திருகைப் பிடித்து முறுக்குவார்கள். கொஞ்ச நாள் வேகம் கூடியது போலத் தெரியும். பிறகு புது நாசில் போட்டதும், முறுக்கியதை மறந்திருப்பார்கள். கன்னை விடும்போதெல்லாம் அழுத்தம் எகிறி, ஹோஸோ பம்ப் தலையோ வெடிப்பு விடும். கேஜ் கையில் இல்லாதவர் அந்தத் திருகைத் தொடாமல் இருப்பது நல்லது. முதலில் நாசிலை மாற்றிப் பார்க்க வேண்டும். விலையில் நாசிலுக்கும் பம்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அடைப்பும் தேய்மானமும் வேறு வேறு. அடைத்த நாசில் கையிலேயே தெரியும்: கன் விட்டு விட்டுத் துடிக்கும், இன்ஜின் சத்தம் ஏறி இறங்கும். தேய்ந்த நாசில் சாதுவாக, ஒரே சீராக, சோம்பலாக அடிக்கும். அடைப்பென்றால் இன்ஜினை நிறுத்தி, தண்ணீரை மூடி, கன்னை ஒருமுறை அழுத்தி உள்ளே தேங்கிய அழுத்தத்தை விட்டுவிட்டுத்தான் நாசிலைக் கழற்ற வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெஷினோடு வரும் மெல்லிய கம்பியை வெளிவாய் வழியாக விட்டு அழுக்கை உள்நோக்கித் தள்ளி, குழாய்த் தண்ணீரையும் அதே திசையில் விட்டுக் கழுவினால் மணல் வந்த வழியே போய்விடும். கிடைத்த ஊசியை விட்டுக் குடைந்தால் அடைப்பு போகும், துளையும் பெரிதாகிவிடும்.

நிறங்களை மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்பு தெளிக்க. காருக்கு வெள்ளையோ பச்சையோ போதும், அதுவும் ஓரடியாவது தள்ளி நின்று. சிவப்பை டயர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பேவர் பிளாக் தரையில் மஞ்சளைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் பாசியோடு இடுக்கு மணலும் பறந்து, கல் ஆட ஆரம்பிக்கும்.

நாசிலுக்கு மணல் எங்கிருந்து வருகிறது? தொட்டியிலிருந்து. போர் தண்ணீரை நிரப்பி, அடியில் படிந்த வண்டலோடு அப்படியே மெஷினுக்கு விடுகிறோம். பம்ப் வாயில் ஒரு சின்ன வலை உண்டு. வாங்கிய நாள் முதல் அதைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். அடைபடுகிறதே என்று பிடுங்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் குழாய் அடிமட்டத்திலிருந்து நாலு விரல் மேலே இருக்கட்டும். தொட்டி பம்பைவிட உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. குழாய் ஒடிசலாக இருந்தாலோ, கிளாம்ப் தளர்ந்து காற்று இழுத்தாலோ பம்புக்குக் கேட்ட தண்ணீர் வராது. உள்ளே கடகடவென்று கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கும். அது கல் அல்ல. தண்ணீரில் பிறந்து உடையும் குமிழிகள் பம்பின் உட்புறத்தைக் கொத்திக் கொண்டிருக்கும் சத்தம். உடனே நிறுத்த வேண்டும்.

தண்ணீரே இல்லாமல் ஓட்டுவது இன்னும் மோசம்; சில நிமிடங்கள்கூட வேண்டாம், சீல்கள் கருகிவிடும். கன்னை மூடிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு டீ குடிக்கப் போவதும் ஏறக்குறைய அதே கதைதான். கன் மூடியிருக்கும்போது அன்லோடர் அதே தண்ணீரைப் பம்புக்குள்ளேயே சுற்றவிடுகிறது. சுற்றச் சுற்றச் சூடேறும். பல பம்புகளில் 60 டிகிரி வாக்கில் திறக்கும் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். அது கொஞ்சம் சுடுதண்ணீரைக் கீழே துப்பும். லீக் என்று நினைத்து அதை அடைத்துவைத்த புண்ணியவான்களும் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது கன்னை ஒருமுறை அழுத்திவிட்டு இழுத்தால் கயிறு லேசாக வரும்; தோளும் தப்பிக்கும்.

இனி, மாட்டிக் கழற்றும் சாமான்கள். இவற்றைக் கெடுப்பது வேலை அல்ல, வேலை முடிந்த பிறகு வருகிற அலுப்பு. ஃபோம் லான்ஸில் ஷாம்பூவை மிச்சம் வைத்து மூலையில் சாத்திவிடுவோம். அதன் பித்தளைத் தலைக்குள் நெருக்கமான ஒரு கம்பி வலை இருக்கிறது. நுரையைப் பொங்க வைப்பதே அதுதான். சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து காய்ந்தால் அது சுண்ணாம்புக் கட்டியாகிவிடும், நுரைக்குப் பதில் பால் தண்ணீர் வரும். வெள்ளை வினிகரில் ஊறவைத்தால் பெரும்பாலும் உயிர் வரும். வேலை முடிந்ததும் பாட்டிலில் நல்ல தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் அடித்துவிட்டிருந்தால் அந்த வேலையே இல்லை. பிளீச்சிங் கரைசல் விட்டு மாடி கழுவுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ரப்பரும் ஸ்பிரிங்கும் அதற்குத் தாங்காது.

தரை கழுவும் வட்டமான சர்ஃபேஸ் கிளீனரில் ஒரு சுழலும் கை, அதன் இரு முனையிலும் இரு நாசில். வாங்கும்போது கடைக்காரரிடம் உங்கள் மெஷினின் லிட்டர் கணக்கைச் சொல்லுங்கள். இரண்டு துளையும் சேர்ந்துதான் பழைய ஒற்றைத் துளைக்குச் சமமாக வேண்டும். இல்லையென்றால் கை சோம்பிச் சுற்றும். தரையில் வளையம் வளையமாகக் கோடு விழுந்தால் ஒரு பக்க நாசில் அடைத்திருக்கிறது. கிரீஸ் நிப்பிள் இருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல.

இணைப்புகளில் கசிவு கண்டால் த்ரெட் டேப்பைச் சுற்றுவது நம் பழக்கம். குயிக் கப்ளரில் அது செல்லாது. அங்கே வேலை செய்வது ஓ ரிங். பழையதை எடுத்துப் போட்டுவிட்டு, அதே அளவில் புதியதைத் துளி சிலிக்கான் கிரீஸ் தடவி உட்கார வைத்தால் முடிந்தது. ஓ ரிங்கைப் பாதுகாக்கச் சிறந்த வழி, இன்ஜினை நிறுத்தி அழுத்தத்தை விட்ட பிறகே கழற்றுவது.

ஹோஸில் கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடாதீர்கள். தோலுக்குள் தண்ணீர் ஏறினால் வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், வலியும் முதலில் அவ்வளவாக இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கியிருக்கும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். புண் சின்னதுதானே என்று காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்ஜின் பக்கம் சுருக்கமாகவே போதும், அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே. இந்த அளவு இன்ஜின்களில் ஆயில் சுமார் 0.6 லிட்டர், புது மெஷினில் முதல் 20 மணி நேரத்தில் மாற்றி, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. பம்ப் ஆயில் தனி. சில பம்புகள் சீல் செய்தே வருபவை, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் சரிவில் நின்றால் ஆயில் சென்சார் இன்ஜினை அணைத்துவிடும், அதற்கும் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

பெட்ரோலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பல சின்ன இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் சம்மதம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நிறுத்தியே வைத்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் துருவும் பிசினும் மிஞ்சும். தினமும் ஓடும் வண்டிக்கு இது பெரிய விஷயம் இல்லை, மாதத்துக்கு ஒருமுறை தொடும் மெஷினுக்குத்தான் ஆபத்து. ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால், இன்ஜின் ஆறியதும் பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். காக்கை மூடி, பெட்ரோல் தீரும்வரை ஓடவிடலாம் என்று பலர் சொல்வார்கள். ஜெனரேட்டருக்குச் சரி. இங்கே தண்ணீர் இணைப்பு இல்லாமல் அதைச் செய்தால் கார்புரேட்டரைக் காப்பாற்றிப் பம்பைப் பலி கொடுத்ததாகிவிடும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் பம்புக்குள் உறைதடுப்பு திரவம் ஊற்றச் சொல்லி ஒரு பகுதி இருக்கும். ஊட்டிப் பக்கம் உறைபனியில் வெட்டவெளியில் வைப்பவர்களைத் தவிர மற்றவர்கள் அதைப் புரட்டிவிட்டுப் போகலாம். நமக்கு வில்லன் எலி. ஹோஸைச் சுருட்டி ஆணியில் உயரத் தொங்கவிடுங்கள், மடிப்பு விழாமல்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் குதிரைத்திறனைக் கேட்பதோடு, அந்தப் பம்புக்கான வால்வு கிட், சீல் கிட் இரண்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முழுப் பம்பாகத்தான் மாற்ற வேண்டும் என்று பதில் வந்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.