கடனை மாற்றினால் கடன் தீருமா?

கடன் இருவகைப்படும். வாங்கும்போதே கடன் என்று தெரிவது ஒன்று. கடன் என்றே தோன்றாமல் நம்மோடு குடியிருப்பது மற்றொன்று. காப்பை அடகு வைக்கப் போகும் தாய் தான் கடன்படுகிறாள் என்பதை நன்கு அறிவாள். ஆனால், வங்கிக் கணக்கில் இருப்பு முடிந்த பின்னும் வங்கி இடங்கொடுக்கின்றதே என்று பணம் எடுப்பவர், தாம் கடனாளியாகிவிட்டதை எளிதில் உணர்வதில்லை. இந்த இரண்டாம் வகைக் கடனுக்கே மேலதிகப்பற்று என்று பெயர்.

இது புதிய ஏற்பாடன்று. 1728ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து வணிகர் வில்லியம் ஹொக் என்பவர், தமது கணக்கில் இருந்ததற்கு மேலாக 1000 பவுண் வரை எடுக்க றோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்து இணங்கியது. மேலதிகப்பற்றின் வரலாறு இதிலிருந்தே தொடங்குவதாகக் கூறுவர். சரக்கு விற்றுப் பணம் வரும்வரை வணிகன் தாக்குப்பிடிப்பதற்காக எழுந்த வசதி அது. வணிகனுக்கு வரவு பின்னால் வருகின்றது. ஆகவே கடன் அடைபடுகின்றது. மாதச் சம்பளக்காரனுக்கோ அப்படி வருவதற்கு வேறு பணமில்லை. சம்பளம் கணக்கில் விழுந்தவுடன் பள்ளத்தை நிரப்பி மறைகின்றது. மறுவாரமே பள்ளம் மீண்டும் தோன்றுகின்றது.

இங்கிலாந்திலே நடந்தது

இங்கிலாந்தில் குறைந்த வருமானமுள்ள குடும்பங்கள் பல இவ்வாறே காலங் கழிக்கின்றன. முன்னர் அங்குள்ள வங்கிகள் நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு எனப் பலவகைக் கட்டணங்களை அறவிட்டு வந்தன. அனுமதியின்றி வரம்பு மீறியவர்க்குச் செலவு இன்னும் அதிகம். சிறு தொகை கடன்பட்ட ஏழையே பெருந் தண்டம் இறுக்க நேர்ந்தது. இதனை ஒழிக்கும் நோக்குடன், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து அந்நாட்டின் நிதி நடத்தை அதிகாரசபை அக்கட்டணங்களைத் தடை செய்து, ஒரே வருட வட்டி வீதத்தை மட்டுமே விதிக்கலாம் எனப் பணித்தது. நோக்கம் நன்றே, ஆயினும் பெரிய வங்கிகள் பல நூற்றுக்கு 40ஐ அண்டிய வட்டியை விதிக்கத் தலைப்பட்டன. மாதாமாதம் சிறிது சிறிதாக மேலதிகப்பற்றிலே வாழ்ந்தவர்க்கு அது பெருஞ் சுமையாயிற்று.

இந்நிலையில் அங்குள்ளோர் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. மேலதிகப்பற்றுக் கடனை வட்டி குறைந்த கடனட்டை ஒன்றுக்கு மாற்றிவிடுவதே அது. 1966இல் பார்க்ளேகார்ட் என்ற பெயரில் இங்கிலாந்தில் முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்த கடனட்டை, இன்று பலவகையாகப் பெருகியுள்ளது. புதிய வாடிக்கையாளரை ஈர்ப்பதற்காகச் சில நிறுவனங்கள் குறித்த சில மாதங்களுக்கு வட்டியே இல்லையென அறிவிக்கின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவருடைய மேலதிகப்பற்று 1000 பவுண். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 39.9 எனக் கொள்வோம். முதல் மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 28 பவுண். அக்கடனை 12 மாதங்களுக்கு வட்டியற்ற அட்டைக்கு மாற்றுகிறார். மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு 4, அதாவது 40 பவுண். மொத்தக் கடன் 1040. மாதந்தோறும் 86 பவுண் 67 பென்ஸ் செலுத்தினால் ஆண்டு முடிவிற் கடன் முற்றாகத் தீர்ந்துவிடும். அதே தொகையை மாற்றம் எதுவுமின்றி மேலதிகப்பற்றுக்குச் செலுத்தி வந்திருந்தாலோ, ஆண்டு முடிவில் இன்னும் 180 பவுண் அளவிற் கடன் மீந்திருக்கும். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 180 பவுண் என்பது பல வாரங்களின் உணவுச் செலவு.

கணக்கில் தெரியாத இடறல்கள்

கடதாசியில் இனிக்கும் இக்கணக்கு வாழ்க்கையிலும் இனிக்குமா? இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

முதலாவது, வருமானங் குறைந்தவர்க்கு அத்தகைய அட்டை எளிதிற் கிடைப்பதில்லை. கிடைப்பினும் கடன் எல்லை சிறியதாயிருக்கும். விளம்பரத்திற் காணும் வட்டி வீதம் எல்லார்க்கும் உரியதன்று. விண்ணப்பம் ஏற்கப்பட்டோரில் நூற்றுக்கு 51 பேருக்கு அது கிடைத்தாற் போதும் என்பதே அந்நாட்டு விதி. ஏனையோருக்குக் கூடிய வட்டியே வந்து சேரலாம். அடுத்தடுத்து விண்ணப்பித்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் அவருடைய கடன் பதிவேட்டில் அடையாளத்தை விட்டுச் செல்லும். ஆதலின், பதிவேட்டுக்கு ஊறு செய்யாத முற்சோதனையைச் செய்து, கிடைக்கும் வாய்ப்பை அறிந்த பின்னரே விண்ணப்பித்தல் அறிவுடைமை.

இரண்டாவது, அட்டைகள் எல்லாம் ஒன்றல்ல. ஓர் அட்டைக் கடனை மற்றோர் அட்டைக்கு மாற்ற உதவுவது ஒருவகை. வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்ப உதவுவது வேறொருவகை. மேலதிகப்பற்றை அடைப்பதற்குப் பின்னையதே வேண்டும். இதை அறியாதவர், சாதாரண அட்டையைக் கொண்டு இயந்திரத்திற் காசெடுத்துக் கணக்கிலிட முயல்வர். காசெடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். கட்டணமும் தனியே உண்டு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக முடியும்.

மூன்றாவது, மேலதிகப்பற்றுக்கு மாதத் தவணை கிடையாது, அட்டைக்கோ உண்டு. ஒரு தவணை தவறினாலும் வட்டியில்லாச் சலுகை பறிபோகலாம். தண்டக் கட்டணமும் சேரும். மிகக் குறைந்த தொகையை மட்டும் செலுத்தி வருபவர்க்குச் சலுகைக் காலம் முடியும்போது கடனின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அதன்மேல் வழமையான வட்டி ஏறும்.

நான்காவதே எல்லாவற்றிலும் பெரிது. கடனை மாற்றிய மறுநாள், பழைய மேலதிகப்பற்று வரம்பு வெறுமையாக வாய் திறந்து காத்திருக்கும். வங்கிக்கு எழுதி அவ்வரம்பைக் குறைப்பிக்காதவர், ஆறு மாதத்தில் இரண்டு கடன்களுக்கும் ஆளாவது திண்ணம். ஒரு கடன் இருந்த வீட்டில் இரண்டு கடன் குடியேறும்.

ஆகவே, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும் என்ற வினாவுக்கு விடை தெரிந்தவர்க்கே இவ்வுபாயம் உதவும். மிச்சமே இல்லாதவர்க்கு அட்டை மாற்றம் மருந்தன்று. அத்தகையோர் முதலில் தம் வங்கியிடமே நிலைமையை எடுத்துரைத்து வட்டியைக் குறைக்குமாறு கேட்கலாம். ஸ்டெப்சேஞ்ச், சிற்றிசன்ஸ் அட்வைஸ் போன்ற தரும நிறுவனங்கள் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றன. 2021 மே மாதம் தொடக்கம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்த திட்டமொன்றின்படி, ஆலோசகர் வாயிலாக விண்ணப்பித்துத் தகுதி பெறும் கடனாளிக்கு 60 நாட்கள் வரை வட்டியும் நெருக்குதலும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. இவற்றை நாடுவதில் இழிவு ஏதுமில்லை. நோயுற்றவன் வைத்தியனிடம் போவதை எவரும் இகழ்வதில்லையன்றோ!

நம் நாட்டுக்குப் பொருந்துமா?

இங்கிலாந்தில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். பிள்ளைகளும் மருமக்களும் தொலைபேசியிற் சொல்லும் இத்தகைய உபாயங்கள் இங்குள்ள பெற்றோர் செவியிலும் விழக்கூடும். அங்கே நன்மை தருவது இங்கேயும் தரும் என்று கொள்ளுதல் தவறு. காரணம் எளிது. இலங்கை மத்திய வங்கி 2020 ஓகஸ்டில் வட்டிக்கு உச்ச எல்லை விதித்தபோது, அடகுக்கு நூற்றுக்கு 10, முன்னேற்பாடு செய்த தற்காலிக மேலதிகப்பற்றுக்கு 16, கடனட்டைக்கு 18 என வகுத்தது. அவ்வெல்லைகள் 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டன. 2023 ஓகஸ்டில் மீண்டும் விதித்தபோது முறையே 18, 23, 28 என வகுத்தது. வீதங்கள் மாறினவேயன்றி வரிசை மாறவில்லை. இரு முறையும் கடனட்டைக்கே உச்ச எல்லை உயர்ந்து நின்றது. ஆதலால், இங்கே மேலதிகப்பற்றை அட்டைக்கு மாற்றுபவர் பெரும்பாலும் தாழ்விலிருந்து மேட்டுக்கே கடனை ஏற்றுகிறார். சலுகை அறிவித்தல் ஏதேனும் கண்ணிற்பட்டால், அது எத்தனை மாதத்துக்கு, கட்டணம் எவ்வளவு, பின்னர் வரும் வட்டி எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்திற் பெற்று, வீட்டிலுள்ளோர் கூடியிருந்து கணக்குப் பார்த்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும்.

கடனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவது சுமையைத் தோள் மாற்றுவது போன்றது. நெடுந்தூரம் நடப்பவனுக்குத் தோள் மாற்றுதல் உதவியே. சற்று ஆறுதல் கிடைக்கும், நடையும் விரையும். ஆயினும் சுமை இறங்குவது, சேரவேண்டிய இடத்தை நோக்கி அவன் நாள்தோறும் நடப்பதனாலேயாம். வட்டி குறைந்ததால் மிஞ்சும் ஒவ்வொரு காசும் முதலையே குறைக்கச் செல்லுமாயின், இம்மாற்றம் பயனுடையது. அது வேறு செலவுக்குப் போகுமாயின், கடனின் பெயர் மாறிற்றேயன்றிக் கடன் மாறவில்லை என்பதே நாம் கண்ட முடிபு.