கப்பலில் வந்த தெய்வம்

"பேப்பரில தமிழர் எண்டுதான் கிடக்கு, மனே. சடங்குக்கு வந்தா நாங்க வேடர்தானே."

நண்டு வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார் அந்தப் பெரியவர். சொல்லிவிட்டு வலையின் அடுத்த கண்ணுக்குப் போய்விட்டார். நான்தான் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தில், வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால், பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அப்பால் இடது கைப்பக்கம் களப்பு, வலது கைப்பக்கம் கடல். நடுவிலே வாகரை. இன்னும் மேலே போனால் கதிரவெளி, அதற்கும் அப்பால் வெருகல் ஆறு. இந்தக் கரையில் கடலோர வேடர் வாழ்கிறார்கள். பேசுவது தமிழ், போவது தமிழ்ப் பள்ளிக்கூடம், தொழில் மீனும் சேனைப்பயிரும். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட 'வேடர்கள்' என்ற நூலிலேயே இவர்களுக்குத் தனி இடம் உண்டு. தமிழரோடு மணம் கலந்து நெடுங்காலம் ஆகிவிட்டது என்று அப்போதே எழுதிவிட்டார்கள்.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கை முழுக்க வேடர் சுமார் 5,300 பேர். 1963இல் சுமார் 400. பிறகு நெடுங்காலம் அந்தப் பெயருக்குத் தனி வரியே இல்லை. இத்தனை பேரும் எங்கே போனார்கள்? பெரும்பாலானவர்கள் எங்கேயும் போகவில்லை. மதுரு ஓயாப் பக்கம் சிங்களவர் ஆனார்கள், இங்கே தமிழர் ஆனார்கள். இருந்த இடத்தில் இருந்தபடியே வேறு ஆட்களானார்கள்.

மேற்குக் கரையில் இதன் மறுபக்கம் இருக்கிறது. நீர்கொழும்பு, சிலாபம் தொட்டுப் புத்தளம் வரை, பாட்டன் பாட்டி காலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவ ஊர்கள் பல. பாடசாலை மொழி சிங்களமானது, பூசையும் சிங்களமானது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஊரே மாறியது. அதைப்பற்றி நாம் கட்டுரை எழுதியிருக்கிறோம், கூட்டம் போட்டிருக்கிறோம், வருந்தியிருக்கிறோம். வருந்தத்தான் வேண்டும். ஆனால் வாகரைக் காட்டோரத்தில் வேடர் பேச்சு தமிழுக்குள் கரைந்ததற்கு யார் கூட்டம் போட்டோம்? அங்கே நடந்தால் இழப்பு என்கிறோம், இங்கே நடந்தால் கலந்துவிட்டார்கள் என்கிறோம். கணக்கு எழுதுகிற கை நம்முடையதாக இருந்தால் வரவு செலவு இடம் மாறிவிடுகிறது.

சடங்குக்கு வருவோம். வேடர் சடங்கில் பாடும் பாட்டுகளில் பழைய வேடமொழிச் சொற்கள் இன்னும் கிடக்கின்றன. பாடுகிறவருக்கே சில சொற்களுக்குப் பொருள் தெரியாது. தகப்பன் பாடியதை மகன் பாடுகிறான், ஓசை பிசகாமல். இதைக் கேட்டபோது எனக்கு ரொறன்ரோ ஞாபகம் வந்தது. அங்கே தமிழ் வகுப்பு முடிந்து மேடையேறும் பிள்ளை தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவதைப் பார்த்திருக்கிறேன். ராகம் தப்பவில்லை. பொருளைக் கேட்டால் அம்மாவைப் பார்த்தது. கனடாவின் நாடாளுமன்றம் 2016இல் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. நல்ல காரியம். ஆனாலும் வீட்டில் அந்தப் பிள்ளை தம்பியோடு சண்டை பிடிப்பது எந்த மொழியில் என்பதுதான் அம்மாவின் கவலை.

அதே சடங்கில் கப்பல் தெய்வம் என்று ஒன்றுக்கும் மடை வைக்கிறார்கள். பூர்வகுடிகள் என்று நாம் பெயர் சூட்டியவர்களின் தெய்வங்களில் ஒன்று கப்பலேறி வந்தது! வந்த தெய்வத்தை வெளியே நிறுத்தவில்லை, பந்தலுக்குள்ளே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கப்பல் என்றதும் இன்னொன்று. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். ஏற்றி வந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பனிமூட்டத்தில் கண்டு காப்பாற்றியவர் கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். யார், எவர், என்ன இனம் என்பதெல்லாம் பிறகு வந்த அதிகாரிகள் கேட்டவை.

வாகரைக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து போருக்குத் தப்பிய சனம் வெருகலைக் கடந்து இங்கே வந்தது. பள்ளிக்கூடங்களிலும் மரத்தடியிலும் தங்கினார்கள். நவம்பர் 8ஆம் திகதி, கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு, தப்பி வந்த சனமும் இடம் கொடுத்த சனமும் ஒன்றாகவே களப்பையும் காட்டையும் தாண்டி வாழைச்சேனைப் பக்கம் போயிற்று. 2007 ஜனவரி 19இல் இராணுவம் வாகரைக்குள் வந்தபோது ஊரில் ஊர்ச்சனம் குறைவு.

இடம்பெயர்ந்தோர் என்ற சொல் அவர்களுக்கு அப்போது கிடைத்தது. நிவாரண அட்டையும் அந்தச் சொல்லோடு வந்தது. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போனவர்களுக்குப் புலம்பெயர்ந்தோர் என்று மாநாடு கூட்டுகிற அளவுக்குக் கௌரவமான சொல் உண்டு. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போய், பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டிருக்கும் இந்தப் பக்கத்துப் பெண்ணை யாரும் புலம்பெயர் தமிழர் என்று சொல்லிக் கேட்டதில்லை. அவள் "வெளிநாட்டுக்குப் போனவள்", அவ்வளவுதான். அவள் அனுப்பிய காசில் கட்டிய கல்வீடு மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

நான் புறப்படும்போது ஓட்டமாவடியிலிருந்து முஸ்லிம் முதலாளி ஒருவர் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் முஸ்லிம் சனம் கொல்லப்பட்டது, சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனம் கொல்லப்பட்டது. அந்த வருசத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அவரும் பெரியவரும் அதைப் பேசவில்லை. நண்டின் நிறையைப் பற்றித்தான் பேசினார்கள்.

"காக்கா, கால் உடைஞ்சதையும் சேர்த்து நிறுங்க."

"கால் உடைஞ்சா கம்பனிக்காரன் எடுக்கமாட்டான் அப்பு, உங்களுக்குத் தெரியாதா?"

கால் உடைந்த இரண்டைப் பெரியவர் திரும்ப எடுத்துக்கொண்டார். ஒன்றைத் தன் பானைக்கு வைத்தார். மற்றதை ஒரு பையில் கட்டி, "இந்தா மனே, நீயும் தூரத்தில இருந்து வந்தனீ" என்று என் கையில் தந்தார்.