இரண்டு அங்குலத் தண்ணீர்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து கதவைத் திறந்தால், வீடெங்கும் சாக்கடை நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் நகர்த்திப் பார்த்தோம். வந்த பிளம்பர் எதையும் கழற்றவில்லை. குளியலறைத் தரையில் இருந்த ஜல்லித் தட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். "தண்ணி வத்திப் போச்சு சார்." ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் நாற்றம் அடங்கிவிட்டது. அவர் காசு வாங்க மறுத்ததுதான் எனக்கு இன்னும் கூச்சம்.

தட்டுக்குக் கீழே இருப்பது நஹானி ட்ராப். வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்து நிற்கும் குழாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. வளைவில் சுமார் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். கழிவு நீர் அதைத் தாண்டிப் போகும். சாக்கடை வாயு அதைத் தாண்டி வராது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். கதவு, வால்வு, ஸ்பிரிங் எதுவுமில்லாத காவல்!

காவல் தவறினால் நாற்றம் மட்டும் வருவதில்லை. 2003இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300 பேருக்கு மேல் சார்ஸ் பரவியது. தரைக் குழாய்களின் வளைவுகள் வறண்டு கிடந்தன. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் அவற்றின் வழியே கிருமித் துளிகளை உள்ளே இழுத்திருக்கிறது என்றது விசாரணை.

வறட்சி ஒரு வழி. உறிஞ்சல் இன்னொன்று. ஃபிளஷ் அடித்ததும் பக்கத்து வாஷ்பேசின் 'களக் களக்' என்கிறதா? இறங்கும் நீர் தனக்குப் பின்னால் காற்றைத் தேடுகிறது. மாடிக்கு மேல் துருத்தி நிற்கும் வென்ட் பைப் அந்தக் காற்றுக்காகத்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை அறுத்து மூடிவிடுபவர்கள் உண்டு. மூடினால், ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையே குழாய் உறிஞ்சிக்கொள்ளும்.

அடைப்பையும் இப்படியே கேட்டும் பார்த்தும் பிடிக்கலாம். ஒரு பேசினில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்கினால் குற்றம் அந்த வளைவில்தான்: சோப்புப் பசையில் திரித்த கயிறு மாதிரி தலைமுடி. ரப்பர் பம்ப் போதும். போடும்போது பேசின் விளிம்புக்குக் கீழுள்ள சின்ன ஓட்டையை ஈரத்துணியால் அடையுங்கள், இல்லாவிட்டால் காற்று அங்கே ஓடிவிடும். சமையலறை சிங்க் என்றால் உறைந்த எண்ணெய். மாடியில் ஃபிளஷ் அடிக்கும்போது தரைத்தளக் குளியலறையில் நீர் பொங்கினால் பிரதான குழாயில் அடைப்பு. பழைய கல் பைப் இணைப்புகளில் மர வேர் நுழைந்திருக்கலாம். அங்கே பாட்டில் ஆசிட் ஊற்றிப் பயனில்லை. அதோடு பிளீச்சிங் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

அந்த ட்ராப் தடுத்து நிறுத்துவதில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு, அழுகிய முட்டை வாடை அதனுடையது. கொஞ்சமாக இருந்தால் மூக்கு உடனே பிடித்துவிடும். அதிகமானால் முதலில் செயலிழப்பது மூக்குதான். குனிந்து பார்ப்பவருக்கு வாடை போய்விட்டதாகத் தோன்றும். அதனால் செப்டிக் டேங்கிலோ மேன்ஹோலிலோ அடைப்பு என்றால் இயந்திரத்தை வரவழையுங்கள். எவ்வளவு அனுபவசாலியானாலும், "ஒரு நிமிஷம்தான்" என்று அவரே சொன்னாலும், ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.