காட்டுப்பன்றிக்குத் தோட்டா: டை வாங்கும் முன் யோசியுங்கள்

நிலக்கடலை காய் பிடித்து, மக்காச்சோளக் கதிர் முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் வயலைக் கிளறிவிடும். அந்த வேதனையில் சில உழவர்கள், ரைபிள் வாங்கலாமா, சுட்ட தோட்டாக்கூட்டைச் சீராக்கி மறுபடி மருந்து நிரப்ப எந்த 'டை' நல்லது என்று கேட்கிறார்கள்.

படைக்கலச் சட்டம், 1959, பயிர்க்காவலுக்கென்று குறிப்பிடுவது குழல் வாய்வழியே மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கியைத்தான். அதற்குத் தோட்டாக்கூடே கிடையாது, டைக்கும் வேலையில்லை. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது கடும் தண்டனைக்குரிய குற்றம். துப்பாக்கி உரிமம் இருந்தாலும், அது பன்றியைச் சுட அனுமதி ஆகாது.

தமிழக அரசின் 2025 ஜனவரி முடிவுப்படி:

• காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது.
• 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள்.
• 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள்.

பயிர் சேதமானால் உடனே படம் எடுத்து, சிட்டா, அடங்கலுடன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள், இழப்பீடும் கோருங்கள். அவுட்டுக்காய் வைக்காதீர்கள். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சாதீர்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் பிள்ளையே அதை மிதிக்கலாம். டைக்கு ஒதுக்கிய பணத்தைச் சூரிய மின்வேலிக்குச் செலவிடுங்கள்.